அலுமாரியை ஆட்டிய குரல்

"ர்ர்ர்ர்ர்..."

பாட்டு நின்றது. அந்தச் சத்தமும் நின்றது.

"குளவியோ?" என்று பிரஷாந்தி டீச்சர் சுற்றிப் பார்த்தார். எங்கள் தேவாலயத்தின் பாடகர் குழுவை நடத்துபவர் அவர்தான். கரோல் ஆராதனைக்கு இன்னும் நான்கு நாட்களே இருந்தன.

குழுவில் பாடும் மதுஷன் அண்ணா மின்விசிறியை நிறுத்தினார். நான் மேசைக்குக் கீழே குனிந்து தேடினேன். குளவியும் இல்லை, வண்டும் இல்லை.

மறுபடி பாடினார்கள். மறுபடியும் "ர்ர்ர்ர்ர்!" பாட்டுப் புத்தகங்கள் வைக்கும் பழைய அலுமாரியின் கண்ணாடிதான் ஆடியது. ஏன் ஆடுகிறது என்று ஒருவருக்கும் விளங்கவில்லை.

டீச்சர் என் அப்பாவிடம் வந்தார். அப்பாவின் பெயர் உதயரூபன். வாவியில் மீன் பிடிப்பவர். பாட்டில் குரல் ஆகக் கீழே இறங்கும் பகுதி அவருடையது. அவ்வளவு கீழே வேறு யாராலும் இறங்க முடியாது.

"அண்ணன், கோவிக்காதீங்க. உங்கட வாய் அசையுது, சத்தம் ஒண்டும் கேக்குதில்லையே. ஞாயிற்றுக்கிழமை நீங்க வாற ஆக்களுக்குப் புத்தகம் குடுங்களன்."

"சரி டீச்சர்" என்றார் அப்பா.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. கரோலுக்கென்று அப்பா ஒரு வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டு மினுக்கி வைத்திருந்தார். இரண்டு மாதமாக அந்தப் பாட்டைத்தான் பாடிக்கொண்டு திரிந்தார்.

ஆனால் பக்கத்தில் நின்ற எனக்கும் அவர் குரல் கேட்கவில்லையே! அப்பா சும்மா வாயை அசைக்கிறவர் இல்லை. என் காதிலும் ஒரு குறையும் இல்லை. அப்படியென்றால் அந்தக் குரல் எங்கேதான் போகிறது? யோசித்து யோசித்து எனக்குத் தலை சுற்றியதுதான் மிச்சம்.

அடுத்த நாள் பின்னேரம் அப்பாவுடன் தோணியில் போனேன். மழை விட்டிருந்தது, காற்று விடவில்லை. எங்கள் வாவியில் இரவில் மீன் பாடும் என்பார்கள். துடுப்பின் ஒரு முனையைத் தண்ணீரில் விட்டு, மறு முனையில் காதை வைத்தால் கேட்குமாம். நான் எத்தனையோ தரம் வைத்துப் பார்த்திருக்கிறேன். காது நனைந்ததைத் தவிர வேறு எதுவும் நடக்கவில்லை.

அன்றும் வைத்தேன்.

"ம்ம்ம்ம்..."

"அப்பா! மீன் பாடுது!"

"பகலிலயா? எங்க, தா பாப்பம்." வலையைக் கீழே வைத்துவிட்டு அப்பா துடுப்பை வாங்கினார். காதில் வைத்தார். "ஒண்டும் கேக்கல்லயே மகள்."

நான் வாங்கி வைத்தேன். பாடியது! அப்பா வாங்கி வைத்தார். மீன் வாயை மூடிக்கொண்டது. இப்படியே மூன்று தரம் நடந்தது.

"இந்த மீனுக்கு என்னோட என்ன கோவம்?" என்றார் அப்பா.

நான்காம் தரம், துடுப்பில் காதை வைத்தபடியே அப்பாவைப் பார்த்தேன். துடுப்பின் நடுப்பகுதி அவர் சாய்ந்திருந்த பலகையில் முட்டிக்கொண்டிருந்தது. அவர் வலையைக் கையில் எடுத்தார். அவருடைய தாடை மெல்லக் கீழே இறங்கியது. மீன் பாடத் தொடங்கியது!

"அப்பா, நீங்க பாடுறீங்களா?"

"பழக்கத்தில வருது மகள். இனிப் பாடி என்ன?"

நான் சிரித்த சிரிப்பில் தோணி ஆடியது. ஏன் என்று கேட்ட அப்பாவுக்கு நான் சொல்லவில்லை.

மறுநாள் அப்பாவையும் இழுத்துக்கொண்டு ஒத்திகைக்குத் துடுப்போடு போனேன். அது என்னைவிட உயரம். வாசலில் இரண்டு தரம் இடித்தது.

"என்னகா இது, மேனுகா? பாட்டுக்கு வந்தியா, மீன் புடிக்க வந்தியா?" என்றார் டீச்சர்.

"ஒருக்கா இதில காதை வையுங்க டீச்சர்."

துடுப்பின் அகன்ற பக்கத்தை அப்பாவின் முதுகில் வைத்தேன். மறு முனையில் டீச்சர் காதை வைத்தார். "அப்பா, கடைசி வரியப் பாடுங்க."

டாக்டர் முன்னால் நிற்பதுபோல் நெளிந்துகொண்டே அப்பா பாடினார். டீச்சரின் கண்கள் பெரிதாகின. "ர்ர்ர்ர்ர்" என்று அலுமாரிக் கண்ணாடியும் ஆடியது. எல்லோரும் அலுமாரியைப் பார்த்தார்கள். பிறகு அப்பாவைப் பார்த்தார்கள்.

"அப்ப இவ்வளவு நாளும் ஏன் நமக்குக் கேக்கல்ல?" என்று மதுஷன் அண்ணா தலையைச் சொறிந்தார்.

"நாம கத்தினா எப்படிக் கேக்கும்?" என்றார் டீச்சர். "என்னை மன்னிச்சுக்கொள்ளுங்க அண்ணன். முன்னுக்கு வந்து நில்லுங்க. மற்ற ஆக்கள் மெதுவா. மறுகா ஒருக்கா பாடுவம்."

ஞாயிற்றுக்கிழமை கடைசி வரி வந்தது. ஒவ்வொருவராகக் குரலை நிறுத்தினார்கள். வெள்ளைச் சட்டையில் அப்பா மட்டும் கீழே, இன்னும் கீழே இறங்கினார். நான் உட்கார்ந்திருந்த மர வாங்கின் விளிம்பு என் விரல்களுக்குள் அதிர்ந்தது. எனக்கு அவ்வளவு சந்தோசம்!

பின் வரிசையில் இருந்த ஒரு ஐயா மட்டும் மேலே பார்த்தார், கீழே பார்த்தார், செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்தார்.

"எங்கயோ குளவி ஒண்டு..."

நான் திரும்பி அவரிடம் மெதுவாகச் சொன்னேன்.

"அடிச்சிராதீங்க ஐயா. அது எங்கட அப்பா."