மிதிபட்ட முதுகு

"எனக்கு முதுகுல ஆபரேஷன் பண்ணணும்."

அந்த வீட்டில் எடுக்கவே கூடாத பேச்சு அது. செங்கொடி அதைச் சொன்ன நேரம் அதைவிட மோசம். செவ்வாய்க்கிழமை காலை. தண்டையார்பேட்டை ஹவுசிங் போர்டு மாடி வீட்டின் கூடத்தில், ஹார்பரில் மூட்டை தூக்கும் தேசப்பன் பாயில் குப்புறப் படுத்திருந்தான். அவன் இடுப்பை மிதிக்கப் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நின்றாள் செங்கொடியின் மாமியார் பூவம்மா.

பூவம்மா கால் முன்னால் வந்து பிறந்தவள். அப்படிப் பிறந்தவர்கள் மிதித்தால் எப்பேர்ப்பட்ட முதுகுப் பிடிப்பும் விட்டுப்போகும் என்று வட்டாரமே நம்பியது. காசிமேட்டிலிருந்தும் திருவொற்றியூரிலிருந்தும் வெறும் வயிற்றோடு வந்து நிற்பார்கள். அவளுடைய மருமகளே முதுகுக்காக ஆஸ்பத்திரியில் போய்ப் படுத்தால் ஊர் என்ன பேசும்?

"காலங்காத்தால இன்னா பேச்சு பேசுற நீ!" என்று சீறினாள் பூவம்மா. "ஊரே எழுந்து நடந்து போவுது... உனுக்கு மட்டும் கத்தி கேக்குதா? பி.காம் படிச்ச முதுகாச்சே, என் காலு பட்டா கவுரவம் கொறஞ்சிடும்!"

"கொறஞ்சிடும்னா இத்தினி மாசமா உங்க காலுக்கு அடியில படுத்துனு இருந்திருப்பேனா அத்தே?"

படுத்துத்தான் கிடந்தாள். 2003 கோடை, ஊரே வறண்டு கிடந்தது. லாரித் தண்ணீரைக் குடத்தில் பிடித்து மாடிக்குத் தூக்கியபோது இடுப்பில் 'கடக்'கென்று ஏதோ விலகியது. அன்றிலிருந்து ஷாக் அடித்ததுபோல இடது கால் முழுக்க வலி. ஸ்கேன் எடுத்த அன்று அவள் ஸ்ட்ரெச்சரில் துடித்துக்கொண்டிருக்க, டாக்டரைப் பார்க்க உள்ளே போனவன் புருஷன் ஜெயவேல்தான். வெளியே வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். "முதுவ கீறினா ரெண்டு காலும் வெளங்காம பூடுமாம் செங்கொடி... ஆபரேஷன்ற வார்த்தையே எடுக்காத. அம்மா மிதிச்சா சரியா பூடும்."

அந்தக் கண்ணீரை நம்பினாள்! பல்லைக் கடித்துக்கொண்டு பாயில் படுத்தாள். போகப்போக வலிகூடக் குறைந்தது. ஆனால் பாதம் மேலே எழும்பவில்லை. மரத்துப்போய்த் தரையைத் தேய்த்துக்கொண்டு வந்தது. அந்தப் பயத்தில்தான் நேற்று ஆபீசுக்கு லீவு சொல்லிவிட்டு, தனியாக அதே டாக்டரிடம் போனாள்.

இப்போது புருஷனைப் பார்த்தாள். டூட்டிக்குச் சட்டை மாட்டிக்கொண்டிருந்தவன் பொத்தானில் கை வைத்தபடி நின்றான்.

"டாக்டரம்மா அன்னிக்கி இன்னா சொன்னாங்கன்னு நீ சொல்றியா, நான் சொல்லட்டா?"

"வூட்ல ஆளு கீறாங்க... அப்பால பேசலாம்."

"ஆளு கீறப்போதான் பேசணும்! சின்னதா ஓட்டை போட்டு, கேமரா வெச்ச குழாய வுட்டு, நரம்ப அழுத்துற ஜவ்வ மட்டும் எடுத்துடலாம், மறுநாளே நடக்கலாம்னு சொன்னாங்களா இல்லியா? நீ இன்னா சொல்லிட்டு வந்த? 'என் பொண்டாட்டிக்கு இஷ்டம் இல்ல'ன்னு! என்னைக் கேட்டியாய்யா? 'படிச்ச பொண்ணு, காலு போற வரிக்கும் வீம்பா இருந்துட்டியே'ன்னு அந்தம்மா என்னைத் திட்டுது! இப்ப பண்ணாலும் பாதம் முழுசா திரும்புமான்னு சொல்ல முடியாதாம்..."

ஜெயவேல் தலை குனிந்தான். "அம்மா பேரு கெட்டுடும்னுதான்..."

"இன்னொன்னும் சொன்னாங்களே. அதையும் சொல்லு, உங்கம்மா கேக்கட்டும்."

அவன் வாசல் பக்கம் நகரப் பார்த்தான்.

"நானே சொல்றேன். அத்தே... ஜவ்வு பிதுங்கின முதுக யாரும் மிதிக்கவே கூடாதுன்னு இவருகிட்ட சொல்லித்தான் அனுப்பினாங்க. அதக் கேட்டுக்கினு வந்துதான் என்னை உங்க காலடியில படுக்க வெச்சாரு."

பூவம்மா செருகியிருந்த புடவையை உருவிக் கீழே விட்டாள்.

பாயிலிருந்து தேசப்பன் மெல்லத் தலையைத் திருப்பினான். "அக்கா... நான் எழுந்து போவட்டா?"

"எழுந்துர்றா! போயி டாக்டரப் பாரு!" என்று கத்தியவள், மகனின் சட்டையைப் பிடித்து உலுக்கினாள். "அவ 'வலிக்குது அத்தே'ன்னு அலறச்சொல்லோ, 'நல்லா அயுத்தி மிதிம்மா'ன்னு பக்கத்துல நின்னு சொன்னியேடா பாவி! என் பேருக்காவன்னு சொல்லாத... என் கால வெச்சே அவ கால முடக்கிட்டியேடா!"

செங்கொடி மூலையிலிருந்த துணிப்பையைக் காலால் நகர்த்தினாள். "நேத்தே சரின்னு சொல்லிட்டேன். இன்னிக்கி அட்மிஷன்."

வாசலில் இடது கால் செருப்புக்குள் நுழைய மறுத்தது. இரண்டு முறை தவறியது. பூவம்மா தரையில் உட்கார்ந்து, அந்தப் பாதத்தை மடியில் வைத்துச் செருப்பை மாட்டிவிட்டாள். மாட்டிய பிறகும் பாதத்தை விடவில்லை. "எனுக்குத் தெரியாது கண்ணு... சத்தியமா தெரியாது..." செங்கொடியால் குனிய முடியவில்லை. மாமியாரின் தலையை அப்படியே தன் இடுப்போடு சேர்த்து அணைத்துக்கொண்டாள். இத்தனை மாதமும் அடக்கிய அழுகை அப்போதுதான் வெடித்தது.

"தெரிஞ்சிருந்தா கால வெச்சிருப்பீங்களா அத்தே..."

பூவம்மா எழுந்து பையைத் தூக்கிக்கொண்டாள். "வெய்ட்டு தூக்காத. நான் வர்றேன்."

"நானும் வர்றேன் செங்கொடி," என்று ஜெயவேல் குறுக்கே வந்தான். "டாக்டர்கிட்ட பேச ஒரு ஆளு வேணாமா?"

"நீ பேசினதே போதும்யா. ஆஸ்பத்திரி வுட்டு வந்தாலும் எங்கம்மா வூட்டுக்குத்தான் போவேன். தேடி வராத."

மரத்த பாதத்தை முதலில் இறக்கி, கைப்பிடியைப் பற்றிக்கொண்டு, ஒவ்வொரு படியாக இறங்கினாள். பின்னாலேயே பையோடு பூவம்மா. கூடத்தில் விரித்த பாயின் எதிரே பாதி பொத்தான் போட்ட சட்டையோடு நின்றுகொண்டிருந்தான் ஜெயவேல்.