பின்பிரேக்கின் வாக்குமூலம்

காலை எட்டு மணிக்குப் பட்டறையைத் திறந்ததும் என் முதல் வேலை தேய்வு வாசிப்பியைச் சூடேற்றுவது. அரசின் வண்டிப் பதிவகத்துத் தாள்களில்தான் அதற்கு அந்தப் பெயர். ஊருக்கு அது ரீடர். சூடாக இருபது நிமிடம் பிடிக்கும். அதுவரை ஒரு நட்டைக்கூடக் கழற்றக் கூடாது என்பது சட்டம். முப்பது வருடமாக வண்டி பிரிக்கிறவன் தினமும் இருபது நிமிடம் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டும். என்ன பிழைப்போ போங்கள்.

திண்டுக்கல்லில் ஊமை வண்டி பழுது பார்க்க உரிமம் உள்ளவன் நான் ஒருவன்தான். இப்போதைய வண்டிகள் தாமாகவே ஓடி, எந்த வளைவில் என்ன வேகம் என்பதுவரை தாமாகவே எழுதி வைத்துக்கொள்கின்றன. அறுபது வருடத்துக்கு முந்திய மோட்டார் சைக்கிளுக்கு ஏது வாய்? அதனால் ஊமை. ஆனால் அதன் பாகங்கள் தேய்ந்திருக்குமே. கிளட்ச் தட்டோ, செயின் பல்லோ, பிரேக் ஷூவோ, எதை ரீடருக்குள் வைத்தாலும் ஓட்டியவர் எப்படி ஓட்டினார் என்று அடுக்கடுக்காகச் சொல்லிவிடும். மேல் அடுக்குதான் கடைசிப் பயணம். ஆகவே படித்த பிறகுதான் கழுவலாம், புதுப்பிக்கலாம். விபத்தில் ஆள் இறந்த வண்டி என்றால் அந்த வாசிப்பு நேராகப் பதிவகத்துக்கும் போய்விடும்.

அன்றைக்கு ஹர்ஷிதா அம்மாள் கொண்டுவந்தது அப்படிப்பட்ட வண்டி. 2016 மாடல், உதைத்துக் கிளப்புவது. அதில்தான் அவள் கணவர் நிதின், மூன்று வருடத்துக்கு முன், சிறுமலைப் பாதையில் பதினோராம் வளைவில் தடுப்பைத் தாண்டிப் போனார்.

"தார்ப்பாய் போட்டு மூடியே வச்சிருந்தேன், அண்ணே. சரி பண்ணணும்னா முதல்ல படிக்கணும்கிறாங்க. படிக்கப் பயம்."

"இப்ப?"

"படிக்காம இருக்கவும் முடியல. கடைசியா பிரேக் புடிச்சாரா இல்லையா, அதை மட்டும் சொல்லுங்க. நாலு மணிக்கு வர்றேன்."

எனக்குப் புரிந்துவிட்டது என்றே நினைத்தேன். அந்த வருடம் நிதினுக்கு வேலை போயிருந்தது. ஊர் வாய்க்கு வந்ததைப் பேசியது. பிரேக் பிடித்திருந்தால் விபத்து. பிடிக்காவிட்டால் மனுசன் தானாகப் போனதாக அர்த்தம். பாவம், எந்தப் பெண்தான் அதைத் தாங்குவாள்?

மதியத்துக்குள் என்ஜின் பக்கம் முடிந்தது. முன்பிரேக்கையும் படித்தேன். மனுசன் அதைத் தொட்டதே இல்லை. பழைய ஆட்கள் பலர் அப்படித்தான். இனி பதில் பின்சக்கரத்தில்தான். முட்டி வலி உயிரை எடுத்தது. பின்சக்கரத்தைக் கழற்றி ஷூக்களை வெளியே எடுத்தபோது பதிவகத்திலிருந்து போன், உரிமம் புதுப்பிக்க இன்னொரு படிவமாம். போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு "சரிங்க சார், சரிங்க சார்" என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே என் கை இரண்டு ஷூக்களையும் எமரி பேப்பரில் தேய்த்து, அவை உரசும் டிரம்முக்குள்ளும் ஒரு சுற்று விட்டு, தூசியை ஃபூ என்று ஊதியும் விட்டது. பின்பிரேக்கைப் பிரித்தால் எந்த மெக்கானிக் கையும் செய்கிற காரியம்தான். போனை வைத்த பிறகே உறைத்தது. மேல் அடுக்கு போய்விட்டது. அட மடையா!

ஒரு மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். உரிமம் போனால் போகட்டும், அந்தப் பெண்ணுக்கு என்ன சொல்வது? தேய்வுக்குத் தேதி கிடையாது, ஆளும் கிடையாது. ஷூக்களைத் திரும்ப மாட்டினேன். சக்கரத்தை மோட்டாரால் வேகமாகச் சுற்றவிட்டு, பிரேக்கை என் காலால் ஓங்கி மிதித்தேன். பிறகு கழற்றி ரீடரில் வைத்தேன். கடைசி மூன்று விநாடி, முழு அழுத்தம் என்றது. சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நிமிடம் ஒரு நல்ல காரியம் செய்துவிட்டதாகவே நினைத்தேன்.

நான்கு மணிக்கு அவள் வந்தாள். திரையைக் காட்டினேன்.

"புடிச்சிருக்காரும்மா. மூணு விநாடி, முழுசா."

அழுவாள், கும்பிடுவாள் என்று பார்த்தேன். அவள் திரையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"புடிச்சும் நிக்கலையா?"

நான் திரையை அணைக்கக் கையை நீட்டினேன்.

"அந்த ஷூ நான் மாத்தினது, அண்ணே. அவரு போறதுக்கு முந்தின ஞாயித்துக்கிழமை. பட்டறையில விடுவோம்னார். இதுக்கு எதுக்குப் பட்டறை, நானே மாட்டிடுறேன்னு வீம்பு பண்ணினேன். அவரா போயிருந்தாக்கூட எப்படியோ மனசைத் தேத்தியிருப்பேன். இத்தனை நாள் பயந்ததே இதுக்குத்தான்."

எல்லாவற்றையும் கொட்டினேன். தேய்த்தது, ஊதியது, மிதித்தது. "அது என் கால்மா. நீங்க மாட்டினதுல ஒரு குறையும் இல்ல. ஸ்பிரிங் முதற்கொண்டு அது அது இடத்துல இருந்துச்சு, நான்தானே கழட்டினேன்!"

"எனக்காகப் பொய் சொல்லாதீங்க."

"வாங்க, உங்க கண்ணு முன்னாலயே திரும்பப் பண்ணிக் காட்டுறேன்."

"நீங்க பண்ணுவீங்க. அதனால அவரு புடிக்கலைன்னு ஆயிடுமா?" முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "உங்களுக்கு இரக்க மனசு. மெஷினுக்கு என் மேல என்ன பாசமா? உள்ளதைச் சொல்லிருச்சு."

வாசலில் நின்ற தானோடி வண்டி கதவைத் திறந்து அவளை ஏற்றிக்கொண்டது. பின்னாலேயே ஓடினேன், இந்த முட்டியை வைத்துக்கொண்டு எவ்வளவு தூரம் ஓட?

திரும்பி வந்து, என் தவறை ஒன்றுவிடாமல் எழுதிப் பதிவகத்துக்கு அனுப்பினேன். உரிமத்தை எடுத்துக்கொள்ளுங்கள், வாசிப்பை மட்டும் நீக்குங்கள் என்று கெஞ்சியிருந்தேன். ஒரு நிமிடத்தில் பதில் வந்தது. வாசிப்பு பிழையற்றது; மனிதர் கூற்றை வைத்து அதைத் திருத்த விதி இல்லை. கீழே, அந்தப் பதிலின் ஒரு படி ஹர்ஷிதா நிதினுக்கும் அனுப்பப்பட்டது என்று போட்டிருந்தது.