திரும்ப எடுத்துக்கொள்கிறோம்

காலையில் அவள் வேலைக்குக் கிளம்பியபோது, புது வண்டியின் பின்பக்க இடது கண்ணாடியில் மட்டும் ஆவி படிந்திருந்தது. வெளியே அல்ல, உள்ளே. மற்றக் கண்ணாடிகள் எல்லாம் பளிச்சென்று இருக்க, அந்த ஒன்றில் மட்டும், உட்கார்ந்திருப்பவரின் வாய்க்கு நேரான உயரத்தில், கைக்குட்டை அகலத்துக்கு வெள்ளையாக. இரவெல்லாம் பூட்டிக் கிடந்த வண்டி. கதவைத் திறந்ததும், புது வண்டிக்கே உரிய பிளாஸ்டிக் வாசனைக்கு அடியிலிருந்து வேறொன்று எழுந்து வந்தது. தூங்கி எழுந்த வாயின் புளித்த வாடை.

"எங்கயோ தண்ணி கசியுது, வேற ஒண்ணுமில்ல," என்றான் கணவன். வீட்டுமனைத் தரகன். எதற்கும் ஒரு பதில் வைத்திருப்பான்.

சர்வீஸ் சென்டரில் கதவு ரப்பரை மாற்றினார்கள். ஏசியைக் கழற்றி மாட்டினார்கள். தரைவிரிப்பை உரித்துப் பார்த்தார்கள், பொட்டு ஈரமில்லை. ஒவ்வொரு முறையும் வண்டி போன மாதிரியே திரும்பி வந்தது. கடைசித் தடவை சாவியை நீட்டிய மெக்கானிக் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "இத ஷெட்டுக்குள்ள விட மாட்டேங்கிறாங்கம்மா. வெளியிலதான் நின்னுச்சு," என்றான். ஏன் என்று அவள் கேட்பதற்குள் நகர்ந்துவிட்டான்.

அதன்பிறகு கார் கம்பெனி அதிகாரி வீட்டுக்கே வந்தார். இஸ்திரி கலையாத சட்டை, சிரிக்காத முகம்.

"வண்டிய நாங்களே திரும்ப எடுத்துக்கிறோம் மேடம். நீங்க குடுத்தது முழுசா வந்துடும்."

"எடுத்துட்டுப் போய் என்ன பண்ணுவீங்க?"

"சரியாயிடும். வேற யாராவது வாங்குவாங்க."

வேற யாராவது. அந்தச் சொல் அவளுக்கு நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. யாரோ ஒருத்தி தன் குழந்தையை அந்த இடது பக்கத்து சீட்டில் உட்காரவைத்து பெல்ட் மாட்டுவாள். யோசித்துச் சொல்கிறேன் என்றாள். வண்டி அவள் பெயரில் இருந்தது. கையெழுத்தும் அவள்தான் போட வேண்டும்.

அன்றிலிருந்து வீடு வீடாக இல்லை. கணவன் தட்டை வைக்கிற ஓசையிலேயே வசவு இருந்தது. "பணம் நோகாம திரும்பி வருது, மகாராணிக்கு யோசிக்கணுமாம்," என்பான் சுவரைப் பார்த்து. "ஊர்ப் பிள்ளைங்களுக்கெல்லாம் நீதான் காவலா? பைத்தியம் புடிச்சா வீட்டோட இரு." அவள் வாயைத் திறந்தால் டிவி சத்தத்தைக் கூட்டுவான். படுக்கையை ஹாலுக்கு மாற்றிக்கொண்டான்.

அவள் நர்ஸ். மூச்சுத்திணறலோடு வருகிறவர்களின் வார்டில் வேலை. ஒருவர் எப்படி மூச்சு விடுகிறார் என்பது அவளுக்குக் காதாலேயே தெரியும். அதனால்தான், ஒரு சாயங்காலம் ஆஸ்பத்திரியின் நிலத்தடி பார்க்கிங்கில், டியூப்லைட்டின் இரைச்சலும் எங்கோ குழாய் சொட்டும் ஓசையும் தவிர வேறு அரவமில்லாத நேரத்தில், வண்டிக்குள் ஏறி உட்கார்ந்து பின்பக்கம் காட்டும் கண்ணாடியில் தற்செயலாகப் பார்த்தவளுக்கு, தான் பார்ப்பது என்னவென்று உடனே புரிந்துவிட்டது. அந்த வெள்ளைத் திட்டு விரிந்தது. சுருங்கியது. சற்று நின்றது. மறுபடி விரிந்தது.

கசிவு இப்படி இருக்காது.

அவள் தன் மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

திட்டு நின்றது.

நெஞ்சு வெடிக்கும்வரை பிடித்திருந்தாள். விட்டாள். அதுவும் விட்டது. பிறகு இடது கண்ணாடி மெல்லக் காய ஆரம்பித்தது. ஓரத்திலிருந்து உள்நோக்கி. முழுதாக. அப்பாடா என்று நினைத்தாள்.

அவள் கன்னத்துக்குப் பக்கத்தில் இருந்த கண்ணாடி வெளுத்தது. பின்னாலிருந்து. கதகதப்பாக.

கதவைத் திறந்துபோட்டு ஓடினாள். பஸ்ஸில் வீட்டுக்கு வந்தாள். யார் வாங்கினால் என்ன, யார் பிள்ளை உட்கார்ந்தால் என்ன. அதிகாரிக்குப் போன் செய்து சம்மதம் என்றாள். சொன்ன பிறகு வாய் கசந்தது.

மறுநாள் கணவன்தான் போய் வண்டியை ஓட்டிவந்தான், விசிலடித்துக்கொண்டு. நல்ல வெயில் ஏறியபின் அதிகாரி ஒரு லாரியோடு வந்தார். அவள் கையெழுத்துப் போட்டாள். மனசு கேட்காமல், "வாங்கப்போறவங்ககிட்ட சொல்லிடுவீங்களா?" என்றாள்.

"சொல்றதுக்கு ஒண்ணும் இருக்காது மேடம்."

பிறகு அவர் கணவனிடம் திரும்பினார். "சார், உங்களோடது எதுவும் வண்டியில இல்லன்னு நீங்கதான் பாத்துச் சொல்லணும். எங்க ஆளுங்க தொட மாட்டாங்க. பின் சீட்ல உக்காந்தே நல்லா பாத்துடுங்க."

லாரிக்காரன் எதிர்ப்பக்கம் போய் நின்றுகொண்டான். அவள் வேண்டாம் என்று சொல்ல வந்தாள். அதற்குள் கணவன் ஏறி உட்கார்ந்துவிட்டான். சீட்டுக்கடியில் துழாவினான், நிமிர்ந்தான், இறங்கினான். இறங்கிய பின்னும் கதவை விரியத் திறந்து பிடித்துக்கொண்டு, கொஞ்சம் ஒதுங்கி நின்றான். உள்ளே இருப்பவர் இறங்க வழிவிடுகிற மாதிரி.

கண்ணாடியில் ஆவி இல்லை.

அதிகாரி குனிந்து பார்த்தார். அப்போதுதான் முதல் தடவையாகச் சிரித்தார். "அவ்வளவுதான். இதோட எங்க பொறுப்பு முடிஞ்சுது." லாரிக்காரன் அதற்குள் வண்டியின் கதவைத் தட்டிக்கொடுத்தபடியே ஏற்ற ஆரம்பித்திருந்தான், பயமே இல்லாமல்.

லாரி தெருமுனை திரும்பும்வரை அவள் பார்த்துக்கொண்டே நின்றாள். அவர்கள் திரும்ப எடுத்துக்கொண்டது வண்டியை மட்டும்.

பொழுது சாய்ந்தது. கணவன் குளித்துவிட்டு வந்து ஹால் சோபாவில் சாய்ந்து டிவி போட்டான். வெகுநாளைக்குப் பிறகு குரல் இறங்கியிருந்தது. "பாத்தியா, சொன்னேன்ல," என்றான். "இதுக்குப் போய் முறைச்சுக்கிட்டுத் திரிஞ்சே." சோபாவின் முதுகின்மேல் கையை நீட்டி வைத்திருந்தான், பக்கத்தில் இருப்பவளை அணைத்த மாதிரி. கண்ணை டிவியிலிருந்து எடுக்காமல் சிரித்தான்.

"கொஞ்சம் தள்ளி உக்காரு. கை மரத்துப் போச்சு."

அவள் சமையலறை வாசலில் நின்றிருந்தாள்.

"ஏங்க," என்றாள்.

குரல் வந்த பக்கம் அவன் திரும்பினான். தூரத்தில் நின்ற அவளைப் பார்த்தான். சிரிப்பு உதட்டிலேயே நின்றுபோனது. கையை எடுக்கவில்லை. எடுக்க முடியவில்லை. அவனுடைய தோளில், சட்டைத் துணி மெதுவாக, ஒரு தலை சாய்கிற அளவுக்கு, அமுங்கியது.