ரீவிக்குப் போட்ட சாக்கு

பரமலிங்கம் மாஸ்ரரின் வீடு இணுவிலில், கந்தசுவாமி கோயிலுக்குப் பின்னால் போகும் ஒழுங்கையில், ஒரு புகையிலைத் தோட்டத்தை ஒட்டி இருந்தது. பழைய நாற்சார் வீடு. 1994 ஆனி மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை பகல் இரண்டு மணிக்கு என் சைக்கிள் அங்கே போய்ச் சேர்ந்தது. பின் கரியரில் ரீவி, ஹாண்டிலில் தொங்கிய பையில் வீடியோ டெக். ஊரில் கரண்ட் நின்று நாலு வருடமாகிவிட்டது. மாஸ்ரர் வாடகைக்கு எடுத்திருந்த ஜெனரேற்றர் மண்ணெண்ணெய்ப் புகையைக் கக்கியபடி முற்றத்தில் இருமிக்கொண்டிருந்தது.

“செபநாயகம், அந்தப் படம் கொண்டந்தனீரே?”

“ஓம் மாஸ்ரர்.”

“கம்பஸிலை படிக்கிற பெடியள் ஒரு கிழமையா அதைத்தான் கேக்கிறாங்கள். புதுப்படம் எவ்வளவு கிடக்கு. ஏன் காணும் உந்தப் பழசுக்கு இவ்வளவு மவுசு?”

சிரித்து மழுப்பினேன். அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இருக்கிறது. ஆனால் படம் போட வந்த வீட்டில் சொல்லக்கூடிய பதில் அல்ல அது.

ஜன்னல்களுக்குப் பாய் கட்டினேன். கடைசிப் பாய் ஏறியதும் அறைக்குள் பகல் செத்தது. இருபது பேரின் வியர்வை, உலர்த்தக் கட்டிய புகையிலை, மண்ணெண்ணெய். யாரோ ஒருவன் என் ரீவியின் கண்ணாடியை விரலால் தடவிப் பார்த்தான்.

“அண்ணை, தூசி பிடிச்சுக் கிடக்கு. இதுக்கு உறை இல்லையே?”

“நான் உறை போடுறேல்லைத் தம்பி.”

படத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். இங்கிலிஷ் படம். கசெற்றில் பெயர் இல்லை. நாங்கள் முடிவில்லாப் படம் என்போம். நட்சத்திரங்களுக்கு நடுவே போகும் ஒரு கப்பலில் ஆறு பேர். வழியில் ஏதோ ஒன்று ஏறிவிடுகிறது. அதற்கென்று சொந்த உடம்பு இல்லை. யாரைத் தின்கிறதோ அவனாகவே ஆகிவிடும். அதே முகம், அதே குரல், அதே இருமல். அவனுடைய தாயின் பெயரைக் கேட்டால்கூடச் சரியாகச் சொல்லும்.

அந்த நாளில் இங்கிலிஷ் படம் போடுகிறவன் பக்கத்தில் இருந்து கதையையும் விளங்கப்படுத்த வேண்டும். என் இங்கிலிஷ் எட்டாம் வகுப்போடு நின்றது. தெரியாத இடத்தில் நானாகக் கட்டிவிடுவேன். ஓரிடத்தில் செத்தவனைக் கப்பலிலிருந்து வெளியே தள்ளும்போது ஒருவன் தேம்பி அழுவான். “முதல் அழுறது அதுதான்” என்று சொல்லுவேன். இன்னோரிடத்தில், “தான்தான் அதெண்டு அதுக்கே தெரியாது” என்பேன். படத்தில் அப்படி ஒரு வசனம் உண்டா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

கடைசியில் கப்பல் தலைவன் மிஞ்சியவர்களை வரிசையில் நிறுத்தி, ஒவ்வொருவன் கண்ணிலும் விளக்கைப் பிடிக்கிறான். முதலாவது ஆள். இரண்டாவது ஆள். மூன்றாவது ஆளிடம் விளக்குப் போகும்போது திரை நெளியும். நெளிந்து, தொண்டைமானாற்றில் நடந்த ஒரு கலியாணம் வரும். எவனோ ஒரு புண்ணியவான் தன் மகளின் கலியாணத்தை அதற்கு மேலேயே பதிந்துவிட்டான். கலியாணப் பொம்பிளையின் தாய் பல் தெரிய நின்று பயித்தம் பணியாரம் பரிமாறுவாள். கப்பலில் அது யாராக இருந்தது என்பது யாழ்ப்பாணத்தில் ஒருவருக்கும் தெரியாது.

மற்றப் படங்களில் பேயைக் கொன்றுபோட்டுத்தான் ஆட்களை வீட்டுக்கு அனுப்புவார்கள். இது பேயையும் கூடவே அனுப்பும்.

1988இல் நான் குருநகரில் இருந்தேன். இரவில் ஊரடங்கு என்பதால் கரண்ட் உள்ள பகல்களில் வீட்டிலேயே படம் போடுவேன். என் மனைவி மரியநாயகி ரீவிக்கு ஒரு சாக்கில் உறை தைத்திருந்தாள். பூச்சி வராமல் உள்ளே காய்ந்த வேப்பிலை போடுவாள். எலி கடித்த ஓர் இடத்துக்குத் தன் பழைய சட்டையில் வெட்டிய மஞ்சள் பூத் துண்டு ஒன்றை ஒட்டுப் போட்டிருந்தாள்.

ஒரு வியாழக்கிழமை முடிவில்லாப் படம் போட்டேன். அன்று பார்த்தது நாலே பேர். நான், மரியநாயகி, படகு எஞ்சின் திருத்தும் யாகோப்பு, அடுத்த வளவு இன்னாசித்தம்பி. இன்னாசித்தம்பி பகிடிக்காரன். படம் முழுக்க விரலை நீட்டி, “உவன்தான்! உவன்ரை கண்ணைப் பாரன்ரா!” என்று கத்திக்கொண்டிருந்தான். படம் முடிந்து, ஆட்கள் போய், ரீவியை மூடப் பார்த்தால் சாக்கைக் காணவில்லை.

“காத்து கொண்டு போயிருக்கும்,” என்றாள் மரியநாயகி.

அன்று காற்றே இல்லை.

சனிக்கிழமை விடிய இந்தியன் ஆமி சுற்றிவளைத்தது. ஆம்பிளைகள் எல்லாரும் கோயில் வளவுக்கு வரவேண்டும். போனோம். வேலியோரம் நின்ற ஜீப்பில் தலையாட்டி இருந்தான். தலையில் சாக்கு, கண் இருக்கும் இடத்தில் இரண்டு ஓட்டை. ஒவ்வொருவராக அவன் முன்னால் நடக்க வேண்டும். தலை அசையாவிட்டால் வீட்டுக்குப் போகலாம். அசைந்தால் லொறி.

எனக்கு முன்னால் என் தம்பி மரியரட்ணம் நடந்தான். கடலையும் வலையையும் தவிர ஒன்றும் அறியாதவன். வரும் தையில் அவனுக்குக் கலியாணம்.

சாக்கு மெல்ல ஒரு தரம் குனிந்து நிமிர்ந்தது.

“அண்ணை!” என்றான் மரியரட்ணம். அதற்குள் இழுத்துவிட்டார்கள்.

அடுத்தது நான். ஓட்டைகளுக்குள் இருந்த கண்கள் என்னை நெடுநேரம் பார்த்தன. தலை அசையவில்லை. வேப்பிலை மணந்தது.

இடது காதுக்கு மேலே மஞ்சள் பூ இருந்தது.

என் தம்பி திரும்பி வரவில்லை. எந்த ஆமிக் காம்பில் விசாரித்தாலும் அப்படி ஒருவர் இல்லை என்றார்கள். எனக்கு அவனைத் தேடுவதை விட அந்தச் சாக்குக்குள் இருந்தவனைத் தேடுவது பெரிதாகிவிட்டது. இதை வெட்கமில்லாமல் எழுதுகிறேன். சாக்கை முற்றத்தில் போன எவனும் எடுத்திருக்கலாம், ஆமியே எடுத்திருக்கலாம். ஆனால் அந்தப் படத்தை இருபது தரம் விளங்கப்படுத்தியவனுக்கு அப்படி யோசிக்க வராது. நாலு பேர் இருந்தோம். நாலில் ஒன்று.

யாகோப்பு வந்து என் தோளில் கைவைத்துவிட்டுப் பேசாமல் போனான். இன்னாசித்தம்பி வாசலிலேயே விழுந்து கதறினான். “என்ரை பிள்ளை மாதிரியடா அவன்!” என்று நெஞ்சில் அடித்தான். பார்த்துக்கொண்டு நின்றேன்.

முதல் அழுறது அதுதான்.

ஒரு கிழமை கழித்து இயக்கத்திலிருந்து இரண்டு பேர் சைக்கிளில் வந்தார்கள். முன்பின் தெரியாத முகங்கள். மரியாதையாகத்தான் கதைத்தார்கள்.

“அண்ணை, அண்டைக்குப் படம் பாக்க ஆரார் இருந்தது?”

சொன்னேன்.

“யாகோப்பிலை சந்தேகமோ?”

நான் பேசவில்லை.

“இன்னாசித்தம்பியிலையோ?”

நான் வாயைத் திறக்கவே இல்லை. இதைப் பிறகு பாதரிடமும் சொன்னேன். பாவசங்கீர்த்தனத்தில் அது பெரிய சமாதானம் போலப் பட்டது: நான் ஒரு சொல்லும் சொல்லவில்லை, சுவாமி.

தலையை மட்டும் ஆட்டினேன். ஒரு தரம்.

மறுநாள் விடிய, சந்தியில் லைற் போஸ்ற்றில் இன்னாசித்தம்பியைச் சுட்டுக் கட்டியிருந்தது. கழுத்தில் ‘துரோகி’ என்று எழுதிய மட்டை. அவன் மனைவி இரத்தினம்மா அழவில்லை. எல்லாருடைய முகத்தையும் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். என் முகத்தில் வந்து கொஞ்சம் நின்றாள். நான் அவளுக்கு முன்னால் தலைகுனிந்து நின்று துக்கம் கொண்டாடினேன். ஆனால் வீட்டுக்கு வந்து வயிறாரச் சாப்பிட்டேன். ஆறு நாள் நிம்மதியாகத் தூங்கினேன்.

ஏழாம் நாள் ஆமி திரும்பச் சுற்றிவளைத்தது.

அதே வளவு. அதே வேலி. அதே ஜீப்.

அதே மஞ்சள் பூ.

பின்னால் நின்றவன் தள்ளித்தான் நடந்தேன். அந்தத் தலை அன்றைக்கும் என்னைப் பார்த்தது, அசையவில்லை. எனக்குப் பின்னால் வந்த யாகோப்புக்கு அசைந்தது. அவன் சத்தம் போடாமல் லொறியில் ஏறினான்.

ஆக, யாகோப்பும் இல்லை. இன்னாசித்தம்பி ஒருநாளும் இல்லை. குற்றமில்லாத ஒரு மனிதனை நான் கொன்றிருந்தேன்.

மிஞ்சியது நாங்கள் இரண்டு பேர்.

அன்று மத்தியானம் மரியநாயகி சோறு போட்டாள். நான் அவள் கையைப் பார்த்தேன். அவள் என் கண்ணைப் பார்த்தாள். தலையாட்டி ஆணா பெண்ணா என்று சாக்குக்கு வெளியே யாருக்குத் தெரியும்? நான் காலையில் கோயில் வளவில்தான் நின்றேன் என்று அவளுக்குத்தான் எப்படித் தெரியும்? வீட்டுக்குள் அவளுடைய மூச்சுச் சத்தம் எனக்குக் கேட்டது.

“இஞ்சருங்கோ,” என்றாள் கிசுகிசுத்து. “நீங்களே அது?”

“நீயே?” என்றேன்.

அதற்குப் பிறகு அவள் என் முன்னால் தண்ணீர்கூடக் குடித்ததில்லை. இரண்டு வருடம் அப்படி ஒரு குடித்தனம். தொண்ணூறில் மன்னாரிலிருந்த தமக்கையிடம் போனவள்தான். ஒரு கடிதமும் இல்லை. அவளைப் பிழை சொல்லமாட்டேன். அந்தப் படத்தை அவளும் பார்த்தவள்.

மாஸ்ரர் கேட்ட கேள்விக்குப் பதில் இவ்வளவுதான். நல்ல நடிப்பு, நல்ல பயம் என்பதெல்லாம் சும்மா கதை. சாப்பாட்டுக்கு எதிரில் இருப்பவனைச் சந்தேகப்படும் காலம் முடிந்தால்தான் அந்தப் படமும் பழசாகும். முடியவில்லை. அதனால் வாரம் இரண்டு வீட்டில் கேட்கிறார்கள். நானும் கொண்டுபோய்ப் போடுகிறேன். குருநகரை விட்டு வந்தவனுக்கு வேறு பிழைப்பும் இல்லை.

இணுவில் வீட்டில் படம் கடைசிக் கட்டத்துக்கு வந்தது. இப்போது நான் கதை விளங்கப்படுத்துவதில்லை. அறையில் ஒருவரும் அசையவில்லை. முதலாவது ஆளின் கண்ணில் விளக்கு. இரண்டாவது ஆள். திரை நெளிந்தது. நாதஸ்வரம் கேட்டது. வழக்கம்போல உடனே ரீவியை நிறுத்தினேன்.

கறுத்த கண்ணாடியில் அறை சின்னதாகத் தெரிந்தது. கதவு நீக்கலால் வந்த வெளிச்சத்தில் பாய்கள், பெடியன்களின் தலைகள், பின்னால் கதிரையில் மாஸ்ரர். எல்லாருக்கும் முன்னால், டெக்குக்குப் பக்கத்தில் குந்தியிருப்பது நான்தான். நான் இருக்கும் இடம் அதுதான்.

அந்த இடத்தில் சாக்குப் போட்ட தலை ஒன்று இருந்தது.

இடது காதுக்கு மேலே மஞ்சள் பூ.

வேப்பிலை மணந்தது. இந்த வளவில் வேம்பு இல்லை, வரும்போதே பார்த்திருந்தேன்.

கையை மெல்ல உயர்த்தி என் முகத்தைத் தொட்டேன். தாடி மயிர், வியர்வை, வாய். வேறொன்றும் இல்லை. கண்ணாடியில் அந்தக் கையும் உயர்ந்து சாக்கைத் தொட்டது.

எனக்குப் பின்னால் யாரும் அலறவில்லை. பெடியன்கள் அதற்குள் வாக்குவாதத்தில் இறங்கிவிட்டார்கள். மூன்றாவது ஆள்தான் என்றான் ஒருவன். இல்லை, கப்பல் தலைவனேதான் என்றான் மற்றவன்.

“அண்ணை,” என்றது ஒரு குரல் என் முதுகுக்குப் பின்னால். “கடைசிக் கட்டத்தை இன்னொருக்கால் போடுங்கோவன். ஆரெண்டு பாப்பம்.”

கசெற்றைப் பின்னுக்குச் சுற்றவிட்டேன். டெக் முனகியது. இரண்டு கையாலும் தாடையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு கண்ணாடியைப் பார்த்தபடி இருந்தேன். என் தலை அசையவில்லை. அதற்கு நான் சாட்சி.

கண்ணாடியில் இருந்தது மெல்லத் தலையாட்டியது. ஒரு தரம். பிறகு இன்னொரு தரம். பின்னால் இருந்த பெடியன்களின் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துப் பார்த்து.