பிரேக்கில் காற்று

காரின் பிரேக் பெடலில் யாரும் கால் வைக்காதபோதே டியூபில் எண்ணெய் ஏறி இறங்கியது. மெக்கானிக் அதைப் பார்த்தான். வாஷர் தேய்ந்திருக்கும் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டான். பின்னே, இந்த நேரத்தில் வேறென்ன நினைப்பது?

ஷெட் சுவருக்கு அந்தப் பக்கம், வீட்டுக்குள், அவன் மனைவிக்கு இடுப்புவலி கண்டிருந்தது. தலைப்பிரசவம். ஆம்புலன்ஸ் மழைத்தண்ணீரில் எங்கோ மாட்டிக்கொண்டது. ஆஸ்பத்திரியோ மலை இறக்கத்துக்குக் கீழே. ஊரார் வண்டிக்கெல்லாம் வைத்தியம் பார்ப்பவன், சொந்தக் காரை மட்டும் நாளைக்கு நாளைக்கு என்று தள்ளிப்போட்டிருந்தான். இன்று பார்த்துத்தானா பெடல் பஞ்சு மாதிரி தரைவரைக்கும் இறங்க வேண்டும்! இதை நம்பி அவளை ஏற்றினால் முதல் வளைவிலேயே எல்லாம் முடிந்துவிடும்.

மத்தியானம்தான், ஆனாலும் ஷெட்டுக்குள் இருட்டிக்கிடந்தது. தகரக் கூரையில் மழை கொட்டோ கொட்டென்று கொட்ட, கிரீஸும் ஈர சிமெண்டும் நனைந்த ரப்பரும் சேர்ந்த வாடை மூக்கை அடைக்க, அவன் ஒவ்வொரு சக்கரமாகக் கழற்றிப் பார்த்திருந்தான். பேட் தேயவில்லை, டிஸ்க்கில் கீறல் இல்லை, பேடை நெருக்கிப் பிடிக்கும் காலிப்பருக்குள் பிஸ்டன் தங்குதடையின்றிப் போய்வந்தது, ஹோஸில் ஒரு சொட்டுக் கசிவில்லை. மிச்சம் ஒன்றுதான். எண்ணெய் ஓடும் லைனுக்குள் காற்று புகுந்திருக்கிறது.

அதை எடுக்க இரண்டு ஆள் வேண்டும். ஒருவன் சீட்டில் உட்கார்ந்து பெடலை அமுக்கிப் பிடிக்க வேண்டும். மற்றவன் சக்கரத்தடியில் குந்தி, நிப்பிள் என்கிற சின்னத் திருகைத் திறந்தால், காற்று குமிழ் குமிழாக டியூப் வழியே பாட்டிலுக்கு வரும். திருகை மூடாமல் காலை எடுத்தால் வந்த காற்று வந்த வழியே திரும்பிவிடும். அதனால் 'விடு' என்று வாய் சொல்வதற்குள் இவன் கை மூடிவிடும். அப்படிப் பழகிய கை.

அமுக்குவதற்கு மச்சினன் இருந்தான். ஆள் நல்ல பருமன், வீட்டில் எல்லோருக்கும் தடியன்.

"அமுக்குடா."

"அமுக்கிட்டேன் மாமா."

"விடு."

"விட்டுட்டேன். உங்க காரு பெத்துக்கறதுக்குள்ள எங்க அக்கா பெத்துடுவா போலிருக்கே!"

"வாய மூடிட்டு வேலையப் பாரு."

திறந்திருந்த வீட்டு ஜன்னல் வழியே அவள் மூச்சு கேட்டது. மூக்கால் இழுத்து வாயால் விடச்சொல்லி நர்ஸ் போனில் சொல்லியிருந்தாள். அவள் நீளமாக இழுத்தாள். டியூபில் எண்ணெய் ஏறியது. ஹூ என்று விட்டாள்; பாட்டிலில் ஒரு குமிழ் உடைந்தது.

சே, என்ன கண்றாவி நினைப்பு இது என்று தலையை உதறிக்கொண்டு மறுபடியும் குனிந்தான்.

"அமுக்கு."

"அமுக்கிட்டேன்."

"விடு."

"விட்டுட்டேன்."

மாமா என்ற சொல்லைக் காணோம். திட்டியதில் கோபித்துக்கொண்டான் போல. குரலும் கம்மியிருந்தது. எப்படியோ, வேலை நடந்தால் சரி. மறுபடி அமுக்கச் சொன்னான், மறுபடி விடச் சொன்னான். குமிழ்கள் மட்டும் நிற்கவேயில்லை. எங்கிருந்துதான் வருகிறது இவ்வளவு காற்று?

வீட்டு ஜன்னலில் தடியனின் முகம் தெரிந்தது. கையில் தண்ணீர் டம்ளர்.

"அக்கா கூப்பிட்டா மாமா, அதான் அப்பவே உள்ள வந்துட்டேன். நீங்க தனியா யாரோட பேசிட்டிருக்கீங்க?"

அவன் பதில் சொல்வதற்குள், "அமுக்கிட்டேன்," என்றது முன்சீட்.

அவன் அமுக்கச் சொல்லவில்லை. யாரும் சொல்லவில்லை. எழுந்து எட்டிப் பார்த்தான். சீட் காலி. பெடல் மட்டும் தரையோடு தரையாக அமுங்கி நின்றது. அதன் ரப்பர் நடுவில் குழிந்திருந்தது.

ஸ்பேனர் அவன் கையில் இருந்தது. நிப்பிள் திறந்திருந்தது.

ஹூ. ஒரு குமிழ்.

ஹூ. இன்னொன்று.

"ஏங்க..." என்றாள் உள்ளிருந்து. "விடற மூச்சு... திரும்ப வரமாட்டேங்குதுங்க..."

ஐயோ, வெளியே எடுத்ததெல்லாம் அவள் மூச்சு! அவன் தொழில் தெரிந்தவன். வந்த காற்றைத் திருப்பி அனுப்ப ஒரே வழிதான். நிப்பிள் திறந்தபடி இருக்க வேண்டும். பெடலில் இருக்கும் அந்தக் கால் எழ வேண்டும்.

"விடு," என்றான். "விட்டுடு. உன் கால்ல விழறேன், விட்டுடு!"

பெடல் எழுந்தது. டியூபில் வரிசையாக நின்ற குமிழ்கள் தயங்கின. திரும்பின. மேலே ஏறத் தொடங்கின. உள்ளே அவள் முனகுவது கேட்டது.

கை திருகை மூடியது.

அவன் மூடவில்லை. கை மூடியது. 'விடு' என்றால் மூடியே பழகிய கை.

பதறிப்போய்த் திறக்கப் பார்த்தான். அசையவில்லை. முழு பலத்தையும் கொடுத்தான். ஸ்பேனர் வழுக்கி விரல் கிழிந்தது. நிப்பிள் அசையவில்லை.

ஜன்னல் வழியே அவள் மூச்சு கேட்கவில்லை. மழை மட்டும்.

"அக்கா?" தடியனின் குரல். "அக்கா! மாமா, ஓடி வாங்க மாமா!"

அவன் ஓடவில்லை. பாட்டிலைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

கறுத்த எண்ணெயின் அடியில், உடையாமல் ஒரு குமிழ். கடுகளவு. அது விரிந்தது, சுருங்கியது. விரிந்தது, சுருங்கியது. வேகமாக. பெரியவர்கள் யாரும் அத்தனை வேகமாக மூச்சு விடுவதில்லை.

பாட்டிலை இரண்டு கையாலும் பிடித்தான். ஆட்டக் கூடாது. ஆட்டினால் உடைந்துவிடும்.

குமிழ் மெல்ல மேலே எழும்பத் தொடங்கியது.