நாடி பார்க்கும் பேருந்து நிலையம்

பேருந்து உள்ளே நுழைவதற்கு முன்பே தரை அதைச் சொல்லிவிட்டது. மூன்றாம் தடத்து ஓடுகள் மெல்ல இளநீலமாக மாறின. காதைக் கிழிக்கும் ஹாரன் இல்லை, அலறும் ஒலிபெருக்கி இல்லை. செங்கோட்டை போக வேண்டியவர் சாய்ந்திருந்த தூண் மட்டும், அவர் காதில் மட்டும் விழும்படி "உங்கள் வண்டி வருகிறது" என்றது.

கோமதி மேடையோரம் நின்று இதையெல்லாம் பார்த்துப் பூரித்துக்கொண்டிருந்தாள். பொருநைநகரின் புதிய பேருந்து நிலையத்துக்கு இன்று திறப்பு விழா. வடிவமைத்தவள் அவள்தான். அவளுக்குத் தலைகால் புரியவில்லை என்று சொன்னால் அது வெறும் பேச்சில்லை. காலையில் அவசரத்தில் இரண்டு காலிலும் வேறு வேறு செருப்பை மாட்டிக்கொண்டு வந்திருந்தாள்.

நிலையத்தின் உயிரே மென்திரைதான். நிற்பவர்களின் நாடித் துடிப்பைத் தரை காலடி வழியாகவே கேட்டுவிடும். யாருக்காவது நெஞ்சு படபடத்தால் கூரையிலிருந்து மெல்லிய இழைத்திரை இறங்கி, அவரைச் சுற்றி ஒரு சின்ன அறையாக நிற்கும். சத்தத்தை விழுங்கும், வெளிச்சத்தைத் தணிக்கும். உள்ளே இருப்பவர் தணியும்வரை வெளியிலிருந்து யாரும் அதை விலக்க முடியாது. துணைக்கு ஒருவர் போகலாம், ஆனால் அவருடைய நாடி நிதானமாக இருக்க வேண்டும். பதறுகிறவர் துணைக்குப் போனால் எரிகிற தீயில் எண்ணெய் ஊற்றுகிற கதைதானே.

இத்தனையும் அவளுடைய தம்பி ஆவுடையப்பனுக்காக. வெளியே சொன்னதில்லை, அவ்வளவுதான்.

பழைய பேருந்து நிலையத்தில், நல்ல கூட்டத்தில், ஒருநாள் அவனுக்கு மூச்சு முட்டியது. பயம், வெறும் பயம். நம் ஜனங்களுக்கு அது தெரியுமா? வலிப்பு என்று முடிவு கட்டி, ஆளுக்கொரு சாவிக்கொத்தை அவன் கையில் திணித்தார்கள். ஒருவர் சோடாவை முகத்தில் அடித்தார். "காத்து விடுங்கப்பா, காத்து விடுங்க" என்று கத்திக்கொண்டே, காற்று நுழைய இடமில்லாமல் அத்தனை பேரும் சுற்றி நின்றார்கள். அன்றோடு அவன் தெருவுக்கு வருவதை நிறுத்தினான். கோமதியின் மகளுக்குக் காது குத்தியபோது தாய்மாமன் மடி காலியாக இருந்தது. வேறு யாரோ மடியில் உட்கார்ந்து குழந்தை வீறிட்டது. "தாய்மாமனுக்கு அப்படி என்ன கேடு?" என்று பந்தியில் கேட்ட குரல் இன்னும் அவள் காதில் இருக்கிறது.

அதனால்தான் அவனைப் போன்றவர்களையே தேடிப் பிடித்து, அவர்களோடு உட்கார்ந்து இந்த நிலையத்தை வரைந்தாள். மென்திரையின் மாதிரியை ஆவுடையப்பன் வீட்டுக் கொல்லையிலேயே தொங்கவிட்டுச் சோதித்தாள். அவனுக்கு அது பிடித்திருந்தது. ஒரே ஒரு குறை மட்டும் சொன்னான்.

"யக்கா, திரை இறங்குமுன்னால என்னைய ஒரு வார்த்த கேக்கணும்."

"மூச்சு முட்டிக்கிட்டு இருக்கவன் எங்கலே பதில் சொல்லுவான்?"

"தலையாவது ஆட்டுவேம்லா."

"கேள்வி கேக்கதே ஒரு பாரம்லே. கேக்காமலே செய்யதுதான் அன்பு."

அந்தக் கடைசி வாக்கியத்தில் அவளுக்கே ஒரு மயக்கம். பிறகு போன மேடைகளில் எல்லாம் அதைச் சொல்லிக் கைதட்டு வாங்கினாள்.

இன்று வருவாயா என்று கேட்டதற்கு, "வந்தாலும் வருவேன்" என்று மட்டும் சொல்லியிருந்தான். கடையத்திலிருந்து, தனியாக, பேருந்தில். அவன் வந்து இறங்கி இந்தக் கூட்டத்தின் நடுவே நடந்தால் அவள் கட்டியது நிலையம். இல்லையென்றால் வெறும் கட்டடம்.

மேயர் பிலோமினா அவள் பெயரைச் சொல்லி அழைத்தார். கைதட்டல் எழுந்தது. அதே நேரம் ஐந்தாம் தடத்து ஓடுகள் நீலமாயின. கடையம் வண்டியின் கதவு திறந்தது. இஸ்திரி போட்ட கட்டம்போட்ட சட்டையில், துணிப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, ஆவுடையப்பன் படியிறங்கினான்.

கோமதியின் நெஞ்சு துள்ளிக் குதித்தது.

மென்திரை இறங்கியது.

கைதட்டல் பட்டென்று அடங்கியது. முதலில் அவளுக்குச் சிரிப்புதான் வந்தது. "எனக்கு ஒண்ணுமில்ல, சந்தோசம்!" என்று கத்தினாள். திரை அதையும் விழுங்கியது. அவள் பதற, நாடி ஏற, வெளிச்சம் இன்னும் தணிந்தது. "பயப்படாதீர்கள். பத்திரமாக இருக்கிறீர்கள்" என்றது ஒரு மென்குரல். அந்த வசனத்தை எழுதியவளும் அவளேதான்.

அப்போதுதான் உறைத்தது. சோதனைக்கு வந்தவர்கள் எல்லாரும் பயந்தவர்கள். சந்தோஷத்தில் நெஞ்சடிக்கும் ஆள் ஒருவரைக்கூட அவள் அழைத்து வரவில்லை. நாடிக்கு இரண்டும் ஒன்றுதான்.

திரைக்கு அப்பால் நிழல்கள் தெரிந்தன. மேயர் ஓடி வந்தார். ஓடி வந்த நாடியைத் திரை உள்ளே விடவில்லை. உதவியாளர்கள் வந்தார்கள், அவர்களையும் விடவில்லை. தூரத்தில், ஐந்தாம் தடத்தில், இன்னொரு திரை இறங்கி நின்றது. அக்காவை மேடையில் பார்த்த மகிழ்ச்சியில் தம்பிக்கும் நெஞ்சடித்திருக்கிறது! அவள் கட்டிய நிலையம் இருவரையும் அன்போடு ஆளுக்கொரு மூலையில் பிரித்து வைத்துவிட்டது. கோமதிக்கு அழுகை முட்டியது. பயந்துபோய் அடுத்த வண்டியிலேயே திரும்பிவிடுவானே!

ஆனால் அந்தத் திரைக்குள் இருந்த நிழல் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தது. உள்ளங்கைகளைத் தரையில் பதித்தது. மூச்சை எப்படி வழிக்குக் கொண்டுவருவது என்பது அந்த ஊரிலேயே அவனுக்குத்தான் நன்றாகத் தெரியும். அவன் படாத பாடா? சற்று நேரத்தில் அவன் திரை மேலே சுருண்டது. எல்லா நிழல்களும் அங்குமிங்கும் ஓடிக்கொண்டிருக்க, ஒரே ஒரு நிழல் மட்டும் கூட்டத்துக்கு நடுவே நிதானமாக நடந்து வந்தது. நிலையத்திலேயே அமைதியான ஆள் ஆவுடையப்பன்தான். திரை அவனுக்கு மட்டும் வழிவிட்டது.

உள்ளே வந்தவன் அவள் காலைப் பார்த்தான். "என்னக்கா, செருப்ப மாத்தி மாத்திப் போட்டுட்டு வந்திருக்க?"

பையிலிருந்து வீட்டுச் சாவியை எடுத்து அவள் கையில் வைத்து மூடினான். "இந்தா, இரும்பப் புடி. சோடா வேணுமா?"

அவள் சிரித்தாள், சிரிப்போடு அழுதாள். "வந்துட்டியேலே. அம்புட்டுக் கூட்டத்துக்குள்ள நடந்து வந்துட்டியேலே."

"நீ கட்டுனதுலா. வண்டியில வரும்போது பக்கத்துல இருந்தவர்ட்டல்லாம் எங்க அக்கா கட்டுனதுன்னு சொல்லிட்டுதான் வந்தேன்."

சொல்லும்போதே அவன் குரல் தழுதழுத்தது. அவளுக்கு நெஞ்சு விம்மியது. தலைக்குமேல் சரசரவென்று ஓர் ஒலி. இருவருக்கும் நடுவே புதிதாக ஓர் இழை மெல்ல இறங்கத் தொடங்கியது.

"நாளைக்கே அந்தக் கேள்விய வச்சிருதேன்லே. கேட்டுட்டுத்தான் இனி இறங்கும்."

"வைப்ப, வைப்ப." ஆவுடையப்பன் அவள் கையை இறுகப் பிடித்துக்கொண்டு இழையை அண்ணாந்து பார்த்தான். "இப்பம் மூச்ச மெல்ல விடு. கொஞ்சம் மெதுவாப் பெருமப்படுவோம்க்கா. இல்லாட்டி இது நம்மளப் பிரிச்சுப் போட்டுரும்."