பெஹாலா பாபுவின் மோட்டார் சைக்கிள்

1911 மார்கழியில் ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை, வங்காளத்துப் பெஹாலாவில் ஒரு பழைய தோட்ட வீட்டின் முன் பட்டாபிராமன் குதிரை வண்டியிலிருந்து இறங்கினான். பனிமூட்டத்தில் எதிரே இருந்த கேட்டே சரியாகத் தெரியவில்லை. கையில் புதிதாகச் சார்ஜ் ஏற்றிய பாட்டரி. அதன் அமில நெடி வழியெல்லாம் மூக்கைக் குடைந்திருந்தது. அந்த வீட்டில் எட்டு வருஷத்துப் பழைய மோட்டார் சைக்கிள் ஒன்று முடங்கிக் கிடந்தது. அதைக் கிளப்பிக் காட்டினால் உத்தியோகத்தை நிரந்தரமாக்குவதாக மோட்டார் கம்பெனித் துரை சொல்லியிருந்தார். நிரந்தரமானால்தான் பெண்ணை அனுப்புவேன் என்று மாமனார் ஒற்றைக் காலில் நின்றார். கல்யாணமாகி நாலு வருஷம். அந்த நாலு வருஷமும் பவானிப்பூரில் ஒற்றை அறையில் தானே சமைத்து, தானே சாப்பிட்டு, சுவரோடு பேசிக்கொண்டிருந்தான் அவன். பாவம், அந்த அறைக்கு ஒரு விருந்தாளிகூட வந்ததில்லை.

வாசல் காக்கும் தர்வான் ஷெட்டைத் திறந்துவிட்டுச் சந்தைக்குப் போய்விட்டான். உள்ளே கால் வைக்கவில்லை. பட்டாபிராமன் அதைக் கவனிக்கவும் இல்லை. வண்டியைக் கண்டுவிட்டால் அவனுக்கு ஊர் உலகம் மறந்துபோகும்.

உள்ளே ஈர மண்ணும் பழைய எண்ணெயும் கலந்த வாடை. பாட்டரியை மாட்டினான். பெட்டிக்குள் இருக்கும் காயில் என்கிற கம்பிச்சுருள் வண்டுபோல ரீங்கரிக்க வேண்டும்; அது மூச்சுக்கூட விடவில்லை. முனைகளை உப்புத்தாளால் தேய்த்தான். ரீங்காரம் வந்தது. அடுத்து பிளக்கைக் கழற்றி எஞ்சின் மேல் படுக்கவைத்து, பொறி பறக்கிறதா என்று பார்க்க வேண்டும். பெடலைச் சுற்ற ஓர் ஆள், பொறியைப் பார்க்க ஓர் ஆள் வேண்டுமே என்று நிமிர்ந்தான்.

மூலையில் மரப்பெட்டி மேல் யாரோ உட்கார்ந்திருந்தார்.

வெள்ளை வேட்டி. முகம் நிழலில். வீட்டு மனிதர் போலிருக்கிறது என்று நினைத்து, தன் ஓட்டை வங்காளியில் உதவி கேட்டான். அவர் சத்தமில்லாமல் வந்து பெடலைச் சுற்றினார். பொறி இல்லை.

"தார் பிஜே கேச்சே" என்று கிசுகிசுத்தார். ஒயர் நனைந்துவிட்டது என்கிறார்.

பார்த்தால் அதேதான். பிளக்குக்குப் போகும் ஒயரில் ரப்பர் வெடித்து ஈரம் ஏறியிருந்தது. மின்சாரம் வழியிலேயே கசிந்துகொண்டிருந்தது. பாட்டரியைக் கழற்றி வைத்துவிட்டு, ஒயரைத் துடைத்து மெழுகுத் துணி சுற்றினான்.

காயில் ரீங்கரித்தது.

பாட்டரி அவன் காலடியில் தனியாக இருந்தது.

ஏதோ மிச்ச மின்சாரம் என்று சமாதானம் சொல்லிக்கொண்டான். அப்படி ஒன்று கிடையாது என்பது அவனுக்கே தெரியும். ஆனாலும் பிளக்கையும் பாட்டரியையும் மாட்டி, பெடலைச் சுற்றினான். வண்டி இருமியது, உதறியது, கிளம்பிவிட்டது!

அந்தச் சந்தோஷத்தில் நம்மவர்கள் சொல்வதைத்தான் அவனும் சொன்னான். "ஒரு நாள் நம்மாத்துக்கு அவசியம் வரணும்." அதையே வங்காளியிலும் சொல்லி, பவானிப்பூர் விலாசத்தையும் கொடுத்தான். யாரும் நிஜமாக எடுத்துக்கொள்ளாத உபசாரம்தானே.

"ஆஷ்போ" என்றார் அவர். வருகிறேன்.

புகை அடங்கியபோது பெட்டி மேல் யாருமில்லை.

சந்தையிலிருந்து திரும்பிய தர்வான், ஷெட் வாசலிலேயே நின்று பட்டாபிராமன் சொன்னதைக் கேட்டான். அவன் முகம் வெளுத்தது. வீட்டில் யாரும் இல்லையாம். வண்டிக்குச் சொந்தக்காரரான சின்ன எஜமானர், சோட்டாபாபு, போன ஆவணியில் இந்த ஷெட்டிலேயே காய்ச்சலில் போய்விட்டாராம். சீமைக்குப் போய் வந்தவர் என்று ஜாதியிலிருந்து தள்ளிவைத்திருந்தார்கள். ஏழு வருஷமாக ஒரு வீட்டிலும் அவரை வா என்று கூப்பிட்டதில்லை.

பட்டாபிராமன் வீடு போய்ச் சேர்ந்தது அவனுக்கே நினைவில்லை.

மூன்றாம் நாள் சாயங்காலம் அறைக்கதவு தானாகத் திறந்து, தானாகச் சாத்திக்கொண்டது. நாற்காலி கிரீச்சிட்டது. எண்ணெய் வாடை.

அவன் ராமநாமம் சொன்னான். விபூதி பூசினான். நாற்காலி அசையவில்லை. கூப்பிட்டு வந்தவரை என்ன செய்வது? காபி போட்டு எதிரே வைத்தான். காபி ஆறிப்போனது; ஆனால் அன்று அவன் தூங்கினான். மறுநாளும் நாற்காலி கிரீச்சிட்டது. ஒரு வாரத்தில் அவன் ஆபீஸ் கதையெல்லாம் தமிழில் சொல்ல ஆரம்பித்துவிட்டான். உள்ளதைச் சொன்னால், ஆபீஸிலிருந்து சீக்கிரம் திரும்பத் தோன்றியது.

பங்குனியில் உத்தியோகம் நிரந்தரமானது. மனைவி அனந்தலக்ஷ்மி மெயில் ரயிலில் வருவதாகக் கடிதம் வந்தது. இனி இந்த விருந்தாளி இருக்கலாகாது. போய்விடுங்கள் என்று சொல்ல மூன்று நாள் ஒத்திகை பார்த்தான். நாலாம் நாள் நாற்காலி முன் கைகட்டி நின்றான்.

"ஆத்துக்காரி வரா. தப்பா நெனச்சுக்கப்படாது. அதனால... போயிட்டு வாங்கோ."

பிறந்ததிலிருந்து வீட்டுக்கு வந்த ஒருவரைக்கூடப் போ என்று சொல்லாத நாக்கு. அது வேறு எப்படிப் புரளும்? நாற்காலி கிரீச்சிட்டது. கதவு திறந்து மூடியது. பத்து நாள் எண்ணெய் வாடை இல்லை. அந்தப் பத்து நாளும் அறை தாங்க முடியாமல் வெறிச்சோடிக் கிடந்தது.

ஹவுராவில் மெயில் மத்தியானம் வந்தது. மிதவைப் பாலத்தைக் கடந்து பவானிப்பூர் வரும்வரை அனந்தலக்ஷ்மி வாய் ஓயாமல் பேசினாள். கேட்டுக்கொண்டே வந்த அவனுக்குக் கண் நிறைந்தது. பூட்டைத் திறந்து அவளை முதலில் உள்ளே விட்டுவிட்டு, பெட்டியை எடுக்க வண்டிக்குத் திரும்பினான்.

அவள் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு வெளியே வந்தாள்.

"உள்ள ஒருத்தர் ஒக்காந்திருக்காரே, சொல்லவே இல்லையே!" என்று கிசுகிசுத்தாள். "பார்த்தா இந்த ஊர்க்காரர் மாதிரி இருக்கார், தமிழ் நன்னாப் பேசறார். போயிட்டு வந்துட்டேன்னு உங்ககிட்டச் சொல்லச் சொன்னார்."